காட்பாடியில் ஏழு நிமிடம்

இந்திய தேசத்தின் ரயில் கால அட்டவணையைச் செப்பனிடும் ஆற்றல் படைத்த மனிதர் ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்பதையும், அவர் திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்பக்கம் மூன்றாவது தெருவில் குடியிருக்கிறார் என்பதையும் நாடு இன்னும் அறியவில்லை. அவர் பெயர் சக்கரபாணி. வருவாய்த் துறையில் ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர். அவர் கடைசியாக ரயில் ஏறியது கல்யாணமான புதிதில். அதுவும் போளூர் வரைக்கும்.

இதை ஒரு குறையாகச் சொல்லக் கூடாது. முப்பத்து நான்கு வருஷம் நிலத்தைப் பார்க்காமலேயே நிலத் தகராறுகளுக்குக் குறிப்பு எழுதியவர் அவர். ரயிலைப் பார்த்துத்தான் ரயிலைத் திருத்த வேண்டுமென்று எந்த அரசாணையும் இல்லை.

அவரைத் தேசப் பணிக்கு இழுத்தவள் மகள் அபிநயா. பெங்களூரில் கம்பெனி வேலை. தீபாவளிக்கு ஒருதரம், பொங்கலுக்கு ஒருதரம் வருவாள். மற்ற சனிக்கிழமைகளில் போன் வரும்.

"கனெக்‌ஷன் இல்லப்பா. என் வண்டி காட்பாடிக்கு நாலு அம்பதுக்கு வருது. திருவண்ணாமலை வண்டி நாலு நாப்பத்திமூணுக்குப் போயிடுது. ஏழே நிமிஷம். அது மட்டும் சரியா இருந்தா வாராவாரம் வந்துடுவேன்."

'வாராவாரம்' என்ற சொல் சக்கரபாணியின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. ஒரே பெண். அவள் அறை வருஷத்தில் முந்நூற்றைம்பது நாள் பூட்டிக் கிடந்தது. அதற்குக் காரணம் ஏழு நிமிஷம் என்றால், அந்த ஏழு நிமிஷத்தை அவர் சும்மா விடுவதாக இல்லை.

அவர் மனைவி வள்ளிக்கு நிர்வாக அறிவு கம்மி.

"ஏங்க, பெங்களூர்லருந்து நேரா பஸ் வருதே. சும்மா வந்துக்கினே இருக்குது."

"பஸ்ஸுக்கு ஒழுங்கு ஏது வள்ளி? ஆள் சேர்ந்தா எடுக்கறான். அதை நம்பி பொண்ணை ஏத்த முடியுமா?"

"ஊரே ஏறுது."

"அதனாலதான் ஊர் இப்பிடி இருக்குது" என்றார் சக்கரபாணி.

காலத்தின் அருமை அறிந்த குடும்பம் அது. போன பொங்கலுக்கு அபிநயா வந்தபோது அவளுடைய இரண்டு நாள் விடுமுறைக்கு அவர் தயாரித்த அட்டவணை, பிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டு, வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் வியக்கும்படி இருந்தது. காலை 6.05 எழுதல். 6.10 குளியல் (நிற்கும் நேரம் 12 நிமிடம்). 6.26 இட்லி. 7.15 கீழ்பென்னாத்தூர் அத்தை வீடு. 10.40 'எதிர்காலம் குறித்த ஆலோசனை', ஒரு மணி இருபது நிமிடம், மதிய உணவுடன் இணைப்பு. பெண் அன்று ஆறே முக்காலுக்குத்தான் கண் விழித்தாள். சக்கரபாணி திட்டவில்லை, கையோங்கவில்லை. நல்ல தகப்பன். கதவுக்கு வெளியே நின்று, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, பெங்களூரிலிருந்து வந்துள்ள அபிநயா நாற்பது நிமிடம் தாமதமாக இயங்குகிறார்" என்று அறிவித்தார். அவ்வளவுதான். மூன்று தரம் அறிவித்தார்.

அப்படிப்பட்டவர் கையில் ஏழு நிமிஷம் சிக்கியது. திருவண்ணாமலை வண்டியை ஏழு நிமிஷம் நிறுத்தி வைத்தால் எதிரே வரும் வண்டி கண்ணமங்கலத்தில் காத்திருக்க வேண்டும். அது காத்திருந்தால் விழுப்புரத்தில் ஒரு மதுரை வண்டி இடிக்கும். மதுரை வண்டியை நகர்த்தினால் நாகப்பட்டினம் கோபித்துக்கொள்ளும். ஆறு மாதம் உழைத்ததில் திருத்தம் விஜயவாடாவைத் தாண்டி, நாக்பூரில் கிளை பிரிந்து, கடைசியில் கௌஹாத்தியில் ஒரு சரக்கு ரயில் புதன்கிழமைக்குப் பதில் செவ்வாய்க்கிழமையே கிளம்ப வேண்டியதாயிற்று. அசாம் மக்கள் ஒத்துழைப்பார்கள் என்று அவர் நம்பினார்.

கையோடு கையாக ராகு காலத்தையும் ஒழுங்குபடுத்தினார். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை நாடெங்கும் ஒரு ரயிலும் புறப்படாது. ஒன்பது மணி ஒரு நிமிடத்துக்கு எல்லா ரயில்களும் புறப்படும்.

இருநூற்றுப் பதினான்கு பக்கம். கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அருணகிரிதான் டைப் அடித்தார்.

"இன்னா சார், காட்பாடிதானே கேட்டீங்க. கௌஹாத்தி வரிக்கும் போயிட்டீங்க."

"ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு இடிக்குதுப்பா."

"பைண்டிங் போட்டா வெயிட் ஜாஸ்தியாயிடும் சார். படிக்கறவங்களுக்குக் கை வலிக்கும்."

"படிக்கறதுக்கா மனு குடுக்கறோம்? மேசை மேல வெச்சா தெரியணும்."

பணி அனுபவம் பேசியது. அருணகிரி பைண்டிங் போட்டார்.

ரயில்வே மனுப் படிவத்தின் ஏழாவது கலத்தில்தான் சிக்கல் வந்தது. 'பாதிக்கப்பட்ட நபரின் பெயர், கைப்பேசி எண்.'

"உங்க நம்பரே போட்டுடலாம் சார்" என்றார் அருணகிரி.

"நான் எங்கப்பா பாதிக்கப்பட்டேன்? நான் ரயில்லயே போறதில்ல."

"அப்ப காலியா உட்ருங்க. யாரு பார்க்கப் போறா?"

சக்கரபாணி அவரை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஏழாவது கலம் காலி என்பதற்காகவே அவர் திருப்பி அனுப்பிய மனுக்களை அடுக்கினால் ராஜகோபுரத்தின் இரண்டாம் நிலை வரைக்கும் வரும். பாதிக்கப்பட்டவர் என்று ஒருவர் இல்லாமல் ஒரு குறை இருக்கவே முடியாது என்பது அவர் கொள்கை. சொந்தக் கையாலேயே நிரப்பினார். ச. அபிநயா. பத்து இலக்கம்.

ரயில் பயணிகள் கருத்துக் கேட்புக் கூட்டம் ஸ்டேஷன் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் நடந்தது. பதினோரு பேர் வந்திருந்தார்கள். வள்ளியும் வந்திருந்தாள். கால அட்டவணைப் பிரிவிலிருந்து வந்த எழிலரசி என்ற அதிகாரி, புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கினார். சக்கரபாணிக்கு அதிர்ச்சி தரும் விதத்தில் அதைப் படிக்கவும் தொடங்கினார்.

"ஐயா, நல்லா உழைச்சிருக்கீங்க. நீங்க எந்த வண்டியில போவீங்க?"

"நான் போறதில்லிங்க மேடம். டைமிங் சரியில்ல."

எழிலரசி சிரிக்கவில்லை, அனுபவசாலி. நாலைந்து பக்கம் புரட்டி, மடிக்கணினியில் எதையோ தட்டிப் பார்த்தார்.

"காட்பாடியில ஏழு நிமிஷம்தானேங்க பிரச்சினை? பத்து நிமிஷம் நிறுத்தி வெக்கலாம். அந்த நேரத்துல எதிர்ல வண்டி எதுவும் இல்ல. மத்த இருநூத்திப் பத்து பக்கமும் தேவைப்படாது."

மண்டபத்தில் யாரோ கை தட்டினார்கள். சக்கரபாணிக்கு ஒரு கணம் கௌஹாத்தியை நினைத்து வருத்தமாக இருந்தது. அடுத்த கணம் எல்லாம் மறந்துபோயிற்று. பூட்டிய அறை சனிக்கிழமைதோறும் திறப்பதைக் கண்ணால் பார்த்தார். பார்வை மங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வள்ளி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு சின்ன நடைமுறைங்க" என்றார் எழிலரசி. "பாதிக்கப்பட்டவங்ககிட்ட ஒரு வார்த்தை உறுதி பண்ணிக்கணும். பாதிப் பேரு இந்தக் கலத்தைக் காலியா விட்டுடறாங்க. நீங்க ஒழுங்கா நம்பர் குடுத்திருக்கீங்க."

"அது முக்கியமுங்க" என்றார் சக்கரபாணி, பெருமையுடன்.

அதிகாரி போனை ஸ்பீக்கரில் போட்டு மைக் பக்கத்தில் வைத்தார்.

"அபிநயாங்களா? திருவண்ணாமலையிலருந்து ரயில்வே அதிகாரி பேசறேன்மா. காட்பாடியில கனெக்‌ஷன் கிடைக்கலைன்னு உங்க பேர்ல மனு வந்திருக்கு."

"என் பேர்லயா?"

"ஆமாம்மா. சனிக்கிழமை நாலு நாப்பத்திமூணு வண்டி. இனிமே அதை நாலு அம்பத்திமூணுக்கு எடுக்கலாம்னு இருக்கோம். உங்களுக்கு வசதிதானே?"

லைன் போய்விட்டதோ என்று எழிலரசி திரையைப் பார்த்தார். போகவில்லை.

"மேடம், அதை மாத்தியாச்சா?"

"இன்னும் இல்ல. நீங்க சரின்னா இப்பவே எழுதிடலாம்."

"வேணாம் மேடம். ப்ளீஸ். அது இப்ப போற மாதிரியே போவட்டும்." குரல் தணிந்தது. ஆனால் மைக் நல்ல மைக். "எங்கப்பாகிட்ட சொல்றதுக்கு அது ஒண்ணுதான் மேடம் இருக்குது."

எழிலரசி மெல்லப் போனை அணைத்தார். பதினோரு பேரும் அவரவர் காபி டம்ளருக்குள் பார்த்தார்கள். வள்ளி மட்டும் புருஷனைப் பார்த்தாள்.

"ஐயா, உங்களுக்கு இவங்க..." என்று தொடங்கினார் அதிகாரி.

"நீங்க எழுதுங்க மேடம்" என்றார் சக்கரபாணி.

கூட்டக் குறிப்பில் மூன்றாவது தீர்மானமாக இப்படிப் பதிவாயிற்று: 'பாதிக்கப்பட்ட நபரின் கோரிக்கை முழுமையாக ஏற்கப்பட்டது. கால அட்டவணையில் மாற்றம் இல்லை.' கீழே, மனுதாரர் ஒப்புதல் என்ற இடத்தில், சக்கரபாணி கையெழுத்துப் போட்டார்.