வரம்பின் கடைசி முப்பத்தேழு

நீதிமன்ற வராந்தாவில் வரம்பு சார் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். பத்து விரலில் எட்டு முடிந்துவிட்டது.

அரசு இவ்வளவுக்கு மேல் கடன் வாங்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறதே, அதை இருபது வருஷத்துக்கு முன்னால் எழுதியவர் அவர்தான். சட்டத்துறையில் அந்தப் பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. இப்போது அரசு அந்த வரம்பைத் தொட்டு நின்றது. விடிந்தால் சம்பள நாள். சம்பளத்தைக் கொடுத்தே தீர வேண்டும் என்கிறது ஒரு சட்டம். அதற்குக் கடன் வாங்காதே என்கிறது இவர் சட்டம். எது பெரிசு என்று ஊழியர் சங்கம் வழக்குப் போட்டுவிட்டது.

காலையில் நீதிபதி அம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நாற்பத்தெட்டு லட்சத்து அறுபத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு கோடி. ஐம்பது லட்சம்னு முழுசா வைக்காம இப்படி ஏன் வச்சீங்க? யோசிச்சுப் போட்ட கணக்குன்னு காட்டுங்க, வரம்பு நிக்கும். இல்லேன்னா நாளைக்குச் சம்பளத்தைப் போட்டுடுங்க. மூணு மணிக்கு வாங்க."

வரம்பு சார் பழைய கோப்பைத் தேடி ஓடினார். அந்த வருஷத்து அலமாரியையே காணோம். யாரோ ஏலத்தில் எடுத்துப் போய்விட்டார்களாம், கோப்போடு சேர்த்து.

மனைவி போன் செய்தாள்.

"நாளைக்குச் சம்பளம் வருமா?"

"நான் ஜெயிச்சா வராது."

"அப்போ தோத்துட்டு வாங்க. வீட்டுக்காரர் வாடகை கேட்டு ரெண்டு தடவை வந்துட்டுப் போயிட்டார்."

தோற்பதா? 'ஒரு கோடியைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது, அப்படிப்பட்ட கணக்கு' என்று மேடை மேடையாகப் பேசிய மனுஷர். இருக்கிற கொஞ்ச மானமும் கப்பலேறிவிடும்.

நிதித்துறைக் கணக்கு அதிகாரியைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் வரி வருமானத்தை மூன்றால் பெருக்கினார், வட்டியைக் கழித்தார், பேனாவை உதறினார்.

"வந்துடுச்சு சார். முப்பத்தேழு மட்டும் இடிக்குது."

"சட்டம் வந்தப்போ சட்டசபையில எத்தனை உறுப்பினர்?"

"முப்பத்தேழு."

"ஆளுக்கு ஒரு கோடி. எழுதிக்கோங்க."

மூன்று மணிக்கு இதைக் கனமான குரலில் நீதிமன்றத்தில் சொன்னார். சங்கத்து வக்கீல் எழுந்தாள். சின்னப் பெண், ஆனால் வாய் பெரிசு.

"ஆளுக்கு ஒரு கோடி எதுக்குன்னு சார் சொல்வாரா? அதுவும் போகட்டும். அதுல ஒருத்தர் தேர்தலே செல்லாதுன்னு அப்பவே தீர்ப்பாயிடுச்சு. இந்தச் சட்டம் வந்தப்போ இருந்தது முப்பத்தாறு பேர்."

பின் வரிசையில் ஊழியர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். நீதிபதி அம்மாள் ஒரு கோப்பைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

வரம்பு சாருக்கு வியர்த்துக் கொட்டியது. சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

"கனம் நீதிபதி அவர்களே, சட்டத்தை டைப் அடிச்ச அம்மா பக்கத்துத் தெருவுலதான் இருக்காங்க. நான் சொல்லச் சொல்ல ஒரு எழுத்து விடாம அடிச்சவங்க. எந்தக் கணக்குல அந்த எண் வந்துச்சுன்னு அவங்களுக்குக் கட்டாயம் ஞாபகம் இருக்கும். அவங்க என்ன சொன்னாலும் நான் கட்டுப்படறேன்."

அரை மணியில் அந்த அம்மாள் வந்து சேர்ந்தார். ஓய்வு பெற்றுப் பத்து வருஷமாகிறது. கூண்டில் ஏறி, சட்டத்தின் பிரதியை வாங்கி, எண்ணை விரலால் தடவிப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது. வரம்பு சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சொல்லுங்கம்மா, இந்த எண் எப்படி வந்துச்சு?" என்றார் நீதிபதி.

"இது எங்க பழைய வீட்டு போன் நம்பருங்க," என்ற அம்மாள் வரம்பு சார் பக்கம் திரும்பினார். "இப்போதைக்கு ஏதாவது ஒரு நம்பரைப் போடுங்க, சபைக்குப் போறதுக்குள்ள மாத்திக்கலாம்னு சொன்னீங்களே சார், மாத்தவே இல்லையா?"