மூட்டு நின்றது, கொண்டைதான் பறந்தது

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. பதுளை டவுனைச் சுற்றி இன்றைக்கு ஒழுகாமல் நிற்கிற தண்ணீர்த் தொட்டிகளில் பாதி என் கை வேலை. மொனராகலைப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்துக்கு நான் போட்ட இரும்புக் கேட்டை ஒரு யானை வந்து தள்ளிப் பார்த்துவிட்டு, இது சரிவராது என்று திரும்பிப் போயிருக்கிறது. லுணுகலையில் ஒரு மாதா கோயில் மணி பதினோரு வருடம் ஊமையாகக் கிடந்தது. அதைப் பேச வைத்தவன் நான். தையல் மெசின், தேங்காய் துருவி, பல் டாக்டரின் நாற்காலி என்று எதையும் விட்டதில்லை. படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டுக் கோழிக்கூடு கட்டிக்கொண்டிருந்தேன்.

இவ்வளவும் செய்தவனை ஊரில் ஜோசப் பாஸ் என்பார்கள். (எங்கள் பக்கம் மேசன், தச்சன், பைப் வேலைக்காரன் எல்லாருமே பாஸ்தான்.) அந்த ஜோசப் என்கிற பெயர் என்னுடையது இல்லை.

நான் எங்கிருந்து வந்தேன் என்று டவுனில் யாருக்கும் தெரியாது. கப்பலில் எஞ்சினியராக இருந்து நடுக்கடலில் குதித்தவன் என்றார்கள். பாதிரியார் படிப்பைப் பாதியில் விட்டவன் என்றார்கள். சலூன்காரர் ஒருவர் நான் ஜெயிலில் பூட்டுத் திறக்கப் படித்தவன் என்று சத்தியமே செய்தார். நான் எதையும் மறுக்கவில்லை. மர்மமான ஆள் வேலை செய்யும்போது வீட்டுக்காரர்கள் பக்கத்தில் நின்று குறை சொல்வதில்லை.

உண்மையில் நான் முனியாண்டி. நமுனுகுல மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன். இருபத்தொரு வயதில், கோயில் திருவிழாவில் நான் செய்த ஒரு வேலை கோணலாகி, உடுத்த துணியோடு ஓடினவன். கையில் ஸ்பேனரும் சுத்தியலும் கிடக்கிற ஒரு ஆயுதப் பெட்டி மட்டும் இருந்தது. பென்சன் போன பழைய ஃபிட்டர் ஒருவர் எனக்குக் கொடுத்தது. அதன் மூடியில் இங்கிலீசில் ஏதோ எழுதியிருந்தது. கம்பெனிப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதுளையில் ஒரு இரும்புக்கடை முதலாளி மூடியைப் பார்த்து, "ஜோசப்பா?" என்றார். தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் நாற்பத்தொரு வருடம் நீடித்தது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

என் கடைசி மகள் செல்வராணியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சுரேஷ், விஞ்ஞான வாத்தியார். புரோக்கர் "லுணுகலை இடம்" என்று சொல்லியிருந்தார். மகள் அதற்கு முன் மூன்று இடத்தை வேண்டாம் என்றவள். இந்தப் பையன் போட்டோவைப் பார்த்ததும், "இது சரிவரல்லன்னா இனிமே எனக்கு யாரையும் பாக்காதீங்கப்பா" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். பிடிவாதத்தில் என்னை உரித்து வைத்தவள்.

காலை பத்து மணிக்கு வேன் வந்தது. மாப்பிள்ளை இறங்கினார், அம்மா அப்பா இறங்கினார்கள். கடைசியாக ஒரு குடை இறங்கியது. குடைக்குப் பின்னால் ஒரு கிழவர். அந்தக் குடையை அவர் தரையில் இரண்டு தரம் தட்டினார். அவ்வளவுதான், ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. தங்கவேல் கணக்கப்பிள்ளை! எங்கள் தோட்டத்தில் ஆள் பெயர் எழுதி வேலை வாங்கியவர். கோயில் கமிட்டியும் அவர் கையில்தான். மாப்பிள்ளைக்குத் தாத்தாவாம்.

குசினிக்குள் ஓடினேன். என் மனைவி லெட்சுமி வடை சுட்டுக்கொண்டிருந்தாள். என் பழைய கதை முழுவதும் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

"என்னங்க, மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி இருக்கு?"

"கணக்கப்பிள்ளை வந்திருக்காரு."

"எந்தக் கணக்கப்பிள்ளை?"

"கொண்டை."

அந்த ஒரு சொல் போதும். அவள் கையில் இருந்த வடை எண்ணெய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. "அவரு இன்னும் இருக்காரா?"

"குடையோட இருக்காரு."

"நீங்க வாயத் தொறக்காதீங்க. ஒங்களுக்கு வேற யாரும் சத்துரு வேணாம், அந்த வாயே போதும்."

"நான் என்ன பச்சப்புள்ளயா?" என்று கேட்டுவிட்டு ஹாலுக்குப் போனேன்.

கிழவர் என்னை உற்றுப் பார்த்தார். "பாஸ், ஒங்கள எங்கயோ பாத்திருக்கேன்."

"டவுன்ல பாத்திருப்பீங்கய்யா."

"டவுனுக்கு வந்தே ரெண்டு வருசமாச்சு. இப்ப கண் ஆப்பரேசன் பண்ணிக்கிட்டேன். எல்லாம் பளிச்சுனு தெரியுது."

"ரொம்ப நல்லதுங்க" என்றேன். அந்தக் கண் டாக்டரை மனதுக்குள் நான் திட்டியது அவருக்குக் கேட்டிருந்தால் தொழிலையே விட்டிருப்பார்.

முகத்தைக் காட்டக்கூடாது என்று சீலிங்கைப் பார்த்துப் பார்த்துப் பேசினேன். மாப்பிள்ளையின் அம்மா, கூரை ஒழுகுகிறதாக்கும் என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். (என் வீட்டுக் கூரை! ஒழுகுவதாம்!) அதையும் பொறுத்துக்கொண்டேன்.

வடை தின்று முடித்துக் கிழவர் கை கழுவப் போனார். அங்கேதான் வந்தது வினை. என் வீட்டுக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரித்தான் வரும். அந்தத் திருவிழாவுக்குப் பிறகு வேகமான தண்ணீர் எனக்கு ஆகாது.

"என்ன பாஸ், பதுளைல தண்ணிக்குப் பஞ்சமா?"

"இல்லீங்க, பிரஷரக் கொறச்சு வெச்சிருக்கேன்."

"பிரஷர்!" கிழவர் குடையைத் தட்டினார். "அந்தப் பேரச் சொன்னாலே எனக்கு ஒருத்தன் ஞாபகம்தான் வரும். நம்ம தோட்டத்துல முனியாண்டின்னு ஒரு பய இருந்தான்."

"ஐயோ, தாத்தா ஆரம்பிச்சுட்டாரு" என்று சுரேஷ் சிரித்தார். அவர்கள் வீட்டில் எல்லாக் கல்யாணத்திலும் இந்தக் கதை உண்டாம். என் வீட்டு ஹாலில், என் நாற்காலியில் உட்கார்ந்து, என்னிடமே சொன்னார்.

"கோயில் முன்னால சிமெந்துல சிவன் செஞ்சோம். தலையில இருந்து கங்கை பாயணும்னு கமிட்டி முடிவு. நான்தான் தலைவர். இந்தப் பய வந்து, மலை உச்சி ஊத்துல இருந்து நான் தண்ணி கொண்டாரேன்னான். ரெண்டு இஞ்சி பைப்பு..."

(ஒன்றேகால். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.)

"திருவிழா அன்னிக்கு முன்வரிசைல பெரியதொரை, தொரசாணி. மைக்குல இவன் பேரச் சொன்னதும் தலகால் புரியல்ல. வால்வ ஒரே முறுக்கு!"

(இது உண்மை. மெதுவாகத் திறந்திருக்கலாம். ஆனால் மைக்கில் என் பெயரை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.)

"டமார்னு ஒரு சத்தம். சாமி தலை பறந்துபோச்சு!"

(தலை இல்லை. சடைக் கொண்டை மட்டும்.)

"பனை உசரத்துக்குத் தண்ணி. தொரையோட தொப்பி தேயிலைக்குள்ள. நாதஸ்வரக்காரன் ஊதுறான், சத்தத்துக்குப் பதிலா தண்ணி வருது. பயலக் காணோம்! அன்னிக்கு ஓடினவன்தான்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரைக்குப் பின்னால் என் மகளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் சந்தேகம் வரும். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. இன்னும் பத்து நிமிடம், தேத்தண்ணி குடித்தால் கிளம்பிவிடுவார்கள் என்று மணிக்கூட்டைப் பார்த்தேன்.

அப்போது அந்த விஞ்ஞான வாத்தியார் கேட்டார்: "அது ஏன் தாத்தா பறந்துச்சு?"

"ஏனா? அரைகுறை வேல. சணல் சுத்தாம மூட்டுகள மூட்டிட்டான்."

பைப்பும் பைப்பும் சேருகிற இடத்தில் திருகு மரையின் மேல் சணல் சுற்றித்தான் மூட்ட வேண்டும். அதைச் செய்யாதவன் பாஸே இல்லை. என்னைக் கள்ளன் என்று சொல்லுங்கள், கோழை என்று சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே வடை பரிமாறுவேன். ஆனால் சணல்!

"சணல் சுத்தாம நான் வாழ்க்கையில ஒரு மூட்டு மூட்டினதில்ல!" எழுந்து நின்று கத்தினேன். "நாப்பத்தேழு மூட்டு! ஒன்னுகூடக் கழரல்ல! மூட்டு கழண்டிருந்தா தண்ணி நடுவழியிலயே போயிருக்குமே, கொண்டை எப்படிப் பறக்கும்? மூட்டு நின்னதாலதான் கொண்டையே பறந்துச்சு!"

குசினியில் ஒரு கரண்டி விழுந்தது.

கிழவர் மெதுவாகக் கண்ணாடியைப் போட்டார். "முனியாண்டி."

"ஆமாங்க, கணக்கப்பிள்ளை ஐயா." என் கை என்னைக் கேட்காமலே தோளில் இருந்த துவாயை எடுத்து இடுப்பில் கட்டியது.

மாப்பிள்ளையின் அம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திரைக்குக் கீழே மகளின் பாதம் தெரிந்தது. அது அசையவில்லை. ஒரு ஆயுளில் இரண்டாவது கொண்டையையும் பறக்கவிட்டாயே படுபாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவள் கேட்டது ஒரே ஒரு மாப்பிள்ளை. அந்தத் திருவிழாவில் ஓடினது போல இன்றைக்கு ஓடவும் முடியாது, இது என் வீடு.

சுரேஷ்தான் பேசினார். "அப்ப மலை உயரத்துக்குப் பிரஷர் கூடிருக்கு. நடுவுல ஒரு தொட்டி வெச்சிருந்தா வேகம் அடங்கியிருக்குமே மாமா?"

(மாமா என்றார். கவனித்தேன்.)

"மூணு தரம் கேட்டேன் தம்பி. தொட்டி வேணும், தொட்டி வேணும்னு. தொரையோட ஜீப்பு வர்ற பாதைல அசிங்கமா நிக்கும்னு வேணாம்னுட்டாங்க."

"யாரு வேணாம்னது?"

என் வாழ்க்கையில் முதல் தடவையாக, சொல்லத் தெரிந்த பதிலைச் சொல்லாமல் இருந்தேன். சொல்லவும் தேவைப்படவில்லை. கமிட்டித் தலைவர் யார் என்று அவரே சற்றுமுன் சொல்லியிருந்தார். எல்லாக் கண்ணும் குடைப்பக்கம் திரும்பியது.

கிழவர் தொண்டையைச் செருமினார். "ஆவணியில நல்ல முகூர்த்தம் இருக்கு" என்றார். "வந்த வேலய விட்டுட்டுப் பழசப் பேசிக்கிட்டு! பொண்ணக் கூப்புடுங்க. ஆவணியிலயே வெச்சுக்குவோம்."

மகள் தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். என்னைப் பார்த்த பார்வையில் பாதி கோபம், பாதி சிரிப்பு.

வேனில் ஏறும்போது கிழவர் என் கையைப் பிடித்தார். "ஏன்டா ஓடினே?"

"அடிப்பீங்கன்னுதான்."

"அடிச்சுத்தான் இருப்பேன்." குடையை ஒரு தரம் தட்டினார். "அந்தத் தண்ணி அப்புறம் நிக்கவேயில்ல, தெரியுமா? வால்வும் பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. மறுநாளே லயத்துப் பொம்பளைங்க கொடத்தோட வந்துட்டாங்க. அதுக்கு முன்னால பள்ளத்துல எறங்கில்ல தூக்கினாங்க. இப்பவும் மூணு லயத்துக்கு அந்தப் பைப்புதான்."

நாற்பத்தொரு வருடம் இது எனக்குத் தெரியாது. வேன் போன பிறகும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லெட்சுமி வந்து, "என்னங்க, கண்ணு?" என்றாள். கண் ஆப்பரேசன் செய்ய வேண்டும் போலிருக்கிறது என்றேன்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் எங்கள் இரண்டு வீட்டிலும் எது உடைந்தாலும், கண்ணாடி டம்ளரோ கட்டில் காலோ, முதல் கேள்வி, "மூட்டு நின்னுச்சா?" என்பதுதான். நான்கு வயதுப் பேத்திகூடப் பொம்மையின் தலையைப் பிய்த்துவிட்டு, "மூட்டு நிக்குது தாத்தா" என்கிறாள்.

கல்யாணத்துக்குப் பிறகு தோட்டத்துக்குப் போனேன். சிவனுக்குப் புதுக் கொண்டை வைத்திருக்கிறார்கள், சுமாரான வேலை. பக்கத்துக் குழாயடியில் ஒரு பலகை: "தண்ணீர் உபயம்: கணக்கப்பிள்ளை தங்கவேல்."

சம்பந்தி வீடு என்பதால் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். இனி இருக்க மாட்டேன். அந்தப் பலகையில் கீழே ஆறு அங்குலம் இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன். கமிட்டியார் அதில் இப்படி எழுத வேண்டும்: "வேலை: முனியாண்டி என்கிற ஜோசப் பாஸ். மூட்டுகள் நாற்பத்தேழு. எல்லாவற்றுக்கும் சணல் சுற்றியது." பெயின்ட் நானே கொண்டுவருகிறேன். எழுத்துப்பிழை பார்க்க மருமகன் வருவார்.