பதிமூன்றாம் எண் கம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீயும் உன் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவள் முழங்காலுக்கு நான் சொன்ன பயிற்சியை அவள் செய்யவில்லை என்பதும் எனக்குத் தெரியும், செய்யச் சொல். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். தொலைபேசியில் நீ சிரித்தால் எனக்குக் கேட்கும். கடிதத்தில் கேட்காது. அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன். கான்வென்ட்டில் எங்களுக்கு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். எழுதியதை அடிப்பவள் யோசிக்காமல் எழுதியவள் என்பார் தலைமை சிஸ்டர். ஆகவே இதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் யோசித்து எழுதியது. எதையும் நான் திரும்பப் பெறப்போவதில்லை.

விஷயம் உன் அத்தானின் கிட்டார். அவர் ஓய்வு பெற்ற கையோடு வாங்கிவந்தாரே, சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டார், அதேதான். ஆம்ப்ளிஃபயரை மட்டும் பரண்மேல் ஏற்றிவிடுங்கள், குளிர்சாதனப் பெட்டியின் உறுமலுக்குமேல் இந்த வீட்டில் எந்தச் சத்தமும் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன்; அவரும் கடைசிவரை மின்சாரம் இல்லாமலேயே டொய்ங் டொய்ங் என்று வாசித்துக்கொண்டிருந்தார். அவர் போனபிறகு அது அலமாரியின் பக்கத்தில் சாய்ந்து நின்றது. நான் தூசி தட்டுவதோடு சரி. போன மாதம் தரைத்தளத்து டிரம்ஸ்காரர் வந்தார். வரித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், உன் அத்தானோடு குடியிருப்பு மன்றத்து இசைக்குழுவில் சேர்ந்து வாசித்தவர், மேசை, நாற்காலி, தன் தொடை என்று எதையும் தட்டாமல் விடாதவர். வந்தவர் நலம்கூட விசாரிக்காமல், "கிட்டார் சும்மாதானேம்மா கெடக்கு? எங்ககிட்ட குடுத்தீங்கன்னா அது பாட்டுக்கு எங்களோட இருக்கும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "சும்மா ஒண்ணும் இல்ல. வாசிக்க ஆள் இருக்கு" என்றேன். "யாரு?" என்று கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். கூடத்தில் நானும் ஒரு தையல் இயந்திரமும்தான் இருந்தோம். "நான்தான்" என்றேன். "நீங்களா?" என்றார். அந்த 'ளா'வை அவர் எவ்வளவு நீளமாக இழுத்தார் என்பதை எழுத்தில் காட்ட முடியாது. "ஏன், எனக்கு கை இல்லையா? மன்றத்து ஆண்டு விழாவுல உங்க குழுவோட மேடையில வாசிக்கிறேன். முடியலைன்னா அன்னைக்கே அந்த கிட்டாரத் தூக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டேன். நரம்பில்லாத நாக்கு சொல்லிவிட்டது. நரம்பு கட்டிய கருவி அகப்பட்டுக்கொண்டது. விழா வரும் ஞாயிற்றுக்கிழமை. வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். வாசிக்க முடியாவிட்டால் அந்த மனிதர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்குவதை நான் நின்று பார்க்கவேண்டும்.

சும்மா சொல்லக்கூடாது, ஒழுங்காகத்தான் கற்றுக்கொண்டேன். கைபேசியில் ஒரு பிள்ளை சொல்லித்தருகிறான். தோள்வரை பச்சை குத்தியிருக்கிறான், ஆனால் பொறுமைசாலி. டிரம்ஸ்காரரின் குழு வாசிக்கும் பாட்டுக்கு மூன்று கார்டுதான், கார்டு என்றால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டு, மூன்றும் வந்துவிட்டன. பள்ளியில் பியானோ படித்தது வீண்போகவில்லை. பிரச்சினை கம்பிகள்தான். துருப்பிடித்து அரம்போல் விரலை அறுத்தன. அந்தப் பிள்ளையின் சுருதியும் எங்கள் கிட்டாரின் சுருதியும் ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. இது எப்போதும் கீழேயே கிடந்து முனகிற்று. அதுவும் துருவின் வேலை என்று தீர்மானித்து, என் விரலுக்கு இதமாக, இருப்பதிலேயே மெல்லிய கம்பியாகப் பார்த்து வாங்கிவரக் கடைக்குப் போனேன். இந்த இடத்தில்தான், தம்பி, நீ சிரிக்க ஆரம்பிப்பாய். வேண்டாம்.

கடையில் சுவர் முழுக்கக் கம்பிப் பொட்டலங்கள். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என்று எண்கள். தையலில் பள்ளியிலேயே முதல் பரிசு வாங்கியவளுக்கு எண்ணைப் பார்த்தால் போதாதா? நாற்பதாம் எண் நூல் முரடு, அறுபது மெல்லிசு. கைத்தையல் ஊசியும் அப்படியே, எண் ஏற ஏற ஊசி சிறுக்கும். உலகத்தில் இழை என்று ஒன்று இருந்தால் அதற்கு நியாயம் இதுதான். "இருக்கிறதுலயே பெரிய நம்பர் எதுப்பா?" என்றேன். கடைக்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே, "தர்ட்டீன் இருக்கும்மா. ஆனா அது கொஞ்சம்..." என்று இழுத்தார். "நம்பரத்தான் கேட்டேன், விளக்கம் கேக்கல" என்றேன். "யாருக்கும்மா?" "எனக்கு." அப்போதுதான் காதில் இருந்ததைக் கழற்றினார். "செம சாய்ஸ்மா!" என்றார். கீபோர்டு வாங்க வந்த அம்மாளிடமும் அதையே சொன்னார், கழிப்பறை எங்கே என்று கேட்டவரிடமும் அநேகமாக அதையே சொல்லியிருப்பார். பொட்டலத்தில் ஒரு மூலையில் பதிமூன்று, மறு மூலையில் ஐம்பத்தாறு என்று போட்டிருந்தது. அடேயப்பா, ஐம்பத்தாறு என்றால் தலைமுடியாக இருக்குமே, அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று பையில் தனியாக வைத்துக்கொண்டு வந்தேன். தலையில் மாட்டிக்கொள்ளும் கிளிப் ஒன்றையும் வாங்கினேன். என் தலையில் அல்ல, கிட்டாரின் தலையில். சுருதி சரியானால் அதில் பச்சை விளக்கு எரியும்.

வீட்டுக்கு வந்து ஐம்பத்தாறு என்று எழுதிய உறையைப் பிரித்தால் உள்ளே சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி ஒன்று சுருண்டு படுத்திருக்கிறது! அச்சுப் பிழை, உறை மாறிவிட்டது என்று நினைத்து மேற்கொண்டு கம்பிகளை மாட்டினேன். கம்பியின் மிச்ச நுனிகளை வெட்ட என்னிடம் கருவி இல்லாததால் எதிர்வீட்டுப் பல் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் தன் குறடோடு வந்து, பழக்க தோஷத்தில், "கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்குங்க" என்று கிட்டாரிடம் சொன்னார். நான் முறுக்க, அவர் பிடித்துக்கொள்ள, கிளிப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தது. "போதும்மா, இதுக்கு மேல முறுக்கினா வேரோட வந்துடும்" என்றார். மஞ்சளோடு நிறுத்துகிறவளா நான்? பச்சை வரவேண்டும் என்றால் வரவேண்டும். இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினேன். கம்பி முறுக்காணியிலிருந்து நழுவிச் சாட்டைபோல் சுழன்று டாக்டரின் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னல் திரையில் போய் மாட்டியது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப்பிறகு அவர் பிளாஸ்டிக் முகமூடி போட்டுக்கொண்டுதான் பக்கத்தில் வந்தார். ஒருவழியாக ஆறு கம்பிக்கும் பச்சை வந்தது. வந்ததும், கம்பிகள் கீழே மாட்டியிருக்கிற இரும்புத் தகடு, குருவிக்குஞ்சு வாயைத் திறப்பதுபோல் உடலைவிட்டு எழும்பி நின்றுகொண்டது. கிட்டாரின் கழுத்தை ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். வில்லாக வளைந்திருக்கிறது. "இது என் டிபார்ட்மெண்ட் இல்லம்மா" என்று டாக்டர் குறடைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

வாசித்துப் பார்த்தேன். கம்பியை நான் அழுத்தவில்லை தம்பி, கம்பிதான் என்னை அழுத்தியது. முதல் கார்டுக்கே விரல் நுனிகளில் தண்டவாளம் விழுந்துவிட்டது. இரண்டாவதுக்கு மாறுவதற்குள் பாட்டு முடிந்துவிடும். பூதக்கண்ணாடியை எடுத்துப் பழைய கம்பிகளையும் புதியவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். துரு ஏறிப் பருத்தவை என்று நான் நினைத்தவையும் இவையும் ஒரே பருமன்! பிறகுதான் பொட்டலத்தின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருந்ததைப் படித்தேன். அந்த எண், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு கனம் என்பதாம். எண் ஏற ஏறக் கம்பி தடிக்குமாம். பதிமூன்று என்பது பொட்டலத்தின் ஆறு கம்பிகளில் மெல்லியதன் கனம், ஐம்பத்தாறு தடித்ததன் கனம். எந்தப் பள்ளியில் படித்தவர்கள் இந்த முறையைக் கண்டுபிடித்தார்களோ! கம்பெனிக்கு இதுபற்றி எழுதத்தான் போகிறேன். அதைவிட வருத்தம், உன் அத்தானும் பாவம், இதே தவறைச் செய்திருக்கிறார். இத்தனை வருஷமும் தடிக்கம்பியோடு மல்லுக்கட்டியிருக்கிறார். கேட்டிருந்தால் சரியாக வாங்கித் தந்திருப்பேன் என்று எழுத வந்தேன்; நானும் பதிமூன்றைத்தான் வாங்கித் தந்திருப்பேன் என்பதால் எழுதவில்லை.

இப்போது அது கட்டிலில் தலையணைமேல் படுத்திருக்கிறது. எதிரில் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கேயாவது 'கிறீச்' என்றால் பேனாவை வைத்துவிட்டு ஓடிப்போய்க் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். ஒருமுறை அலமாரிக் கதவு, ஒருமுறை என் நாற்காலி. முறிந்துவிடுமோ, கம்பியை அவிழ்த்தால் தகடு பறந்துவிடுமோ, அவிழ்க்காவிட்டால் கழுத்து போய்விடுமோ, ஒன்றும் விளங்கவில்லை. அவர் தொட்ட சாமான்களிலேயே இது ஒன்றுதான் இன்னும் சத்தம் போடுகிறது. அதையும் என் கையாலேயே உடைத்துவிட்டேன் என்றிருக்கக் கூடாது.

ஆகையால் நீ செய்யவேண்டியது: ஒன்பதாம் எண் கம்பி ஒரு செட், முடிந்தால் எட்டாம் எண்ணில் ஒன்று, வாங்கிக்கொண்டு சனிக்கிழமை காலையிலேயே வந்துவிடு. நீ வாசிக்கிறவன், உனக்குக் கழுத்தை நிமிர்த்தத் தெரியும். பின்பக்க லிஃப்டில் ஏறு. டிரம்ஸ்காரர் கண்ணில் பட்டுவிடாதே. அந்த மனிதர் இனி என் வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். விழாவில் கடைசி வரிசையில் உட்கார். உன் முகத்தைப் பார்த்தால் எனக்குக் கார்டு மறந்துவிடும். முக்கியமாக, இதை யாரிடமும் சொல்லாதே. சொல்லவேண்டும் என்று உனக்குத் தோன்றும். தோன்றும்போது, சின்ன வயதில் நீ உடைத்த ஜன்னல்களை நான் யாரிடமும் சொல்லாததை நினைத்துக்கொள்.

நீயும் உன் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல், கடவுளின் கண்பார்வையிலும் என் கண்பார்வையிலும் நீடூழி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உறுதி குலையாத
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது வாசல் மணி அடித்தது. டிரம்ஸ்காரர். "மேலேருந்து நாள் பூரா ஏதோ முறியற மாதிரி சத்தம் கேக்குதேம்மா" என்று நேரே உள்ளே வந்து கட்டிலைப் பார்த்துவிட்டார். "பதிமூணா போட்டிருக்கீங்க?" என்றார். நான் போர்வையை இழுத்து அதை மூடப் பார்த்தேன். "கரெக்டாத்தானே போட்டிருக்கீங்க! அண்ணன் எப்பவும் பதிமூணுதான். ஆனா சுதிய இவ்வளவு ஏத்தியா வைப்பாங்க? அவரு நல்லாக் கீழ எறக்கி வச்சிருப்பாரு" என்றார். ஏன் என்று கேட்டேன். "உங்களுக்காகத்தாம்மா. அடுப்படியில நீங்க பாடுவீங்களாம், உங்க சுதி கீழயாம். அந்தச் சுதிக்கு எறக்கினா மெல்லிசுக் கம்பி தொளதொளன்னு ஆடும். அதான் தடிசு போட்டாரு. கூடத்துல உக்காந்து அவளோட சேந்து வாசிப்பேன், அவளுக்கே தெரியாதுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு." நான் பாடுவதில்லை, தம்பி. பாத்திரம் கழுவும்போது முணுமுணுப்பேன், அது பாட்டாகாது. இருந்தாலும் டிரம்ஸ்காரர் கம்பிகளின் முறுக்கை ஒவ்வொன்றாக இறக்கினார். இரும்புத் தகடு வாயை மூடிக்கொண்டது. கழுத்து நிமிர்ந்தது. மூன்று கார்டும் வெண்ணெயாக விழுந்தன. அவர் இரண்டு தேக்கரண்டியால் என் சாப்பாட்டு மேசையைத் தட்டினார். தட்டட்டும் என்று விட்டேன். காப்பிகூடப் போட்டுக் கொடுத்தேன். "கிட்டாரக் கேட்டது நம்ம குழுவுல வச்சுக்கத்தாம்மா, இப்ப நீங்களே குழுவுல இருக்கீங்களே" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை நான் பாடவும் வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. யார் முடிவு செய்தது என்று கேட்காதே.

அடித்து எழுதும் பழக்கம் எனக்கு இல்லாததால் மேலே உள்ளவை அப்படியே இருக்கின்றன. அவற்றில் உன் மனைவியின் முழங்கால் பயிற்சி மட்டும்தான் செல்லும். எட்டும் வேண்டாம், ஒன்பதும் வேண்டாம். முன்பக்க லிஃப்டிலேயே வா. வந்ததும் பரணில் ஏறி ஆம்ப்ளிஃபயரை இறக்கிக் கொடு. கடைசி வரிசை வேண்டாம், முன்வரிசையில் உட்கார். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். அன்றைக்கு எனக்கு அது கேட்காது.