ஸ்ட்ராபெரி பானமும் சமையலறைச் சீலிங்கும்

அன்பும் மதிப்பும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. உங்கள் வீட்டில் பெரியவர், சிறியவர் அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சமையலறைச் சீலிங்கைத் தவிர எல்லாரும் சுகம். சீலிங்கைப் பற்றிக் கீழே வரும். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் நீங்கள் பாதியிலேயே சிரிப்பீர்கள், நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வரும், கோபத்தில் நான் போனை வைத்துவிடுவேன், அப்புறம் உங்கள் அக்கா என்னிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். கடிதம் என்றால் நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்காது.

விஷயம் உங்கள் மருமகளைப் பற்றியது. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாப்பா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அப்பா, நான் வேலை பாக்கிற கண்ணாடிக் கடைக்குப் பக்கத்திலயே ஒரு ரூம் பாத்திருக்கேன். அடுத்த மாசம் போலாம்னு இருக்கேன்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "சும்மாதாம்பா, வசதியா இருக்கும்" என்றாள். அப்பா அம்மா இருக்கும் வீட்டில் இல்லாத வசதி தனி அறையில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் எழுந்து போய்விடுவாள், அது உங்களுக்கும் தெரியும், அந்தப் பிடிவாதம் எங்கள் பக்கத்தில் இருந்து வந்ததில்லை. வாயை மூடிக்கொண்டு யோசித்தேன். யோசிக்கும்போது ஜன்னல் ஓரத்தில் பார்வை போயிற்று. அங்கே உங்கள் அக்கா கழுவிக் கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் கப்புகள் வரிசையாக நின்றன. பாப்பாவின் பையில் தினமும் ஒன்று வருகிறதாம், தூக்கிப்போட மனசு வரவில்லையாம். அவள் கடைக்கு எதிரே ஒரு பெரிய காப்பிக்கடை திறந்திருக்கிறார்கள் அல்லவா, அதன் கப்புகள் அவை. வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வராமல் பிள்ளை தினமும் அங்கே உட்கார்ந்து ஏதோ ஒரு ரோஸ் நிறப் பானத்தைக் குடித்துவிட்டு இருட்டிய பிறகு வருகிறாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் பானமும் அந்தக் குளுகுளு நாற்காலியும் கையெட்டும் தூரத்தில் வேண்டும் என்பதற்காகத்தான் ரூம். அப்படியானால் அந்தப் பானம் இந்த வீட்டில் கிடைத்தால் அவள் எதற்காகப் போக வேண்டும்? அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். தலைகீழாக நின்றாவது அதை இந்தச் சமையலறையில் செய்து காட்டுவது என்று.

மறுநாளே அந்தக் கடைக்குப் போனேன். பாப்பா வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். கல்லாவில் நின்ற பெண்ணிடம் என் மகள் குடிக்கும் கப்பைக் காட்டி, இதில் வரும் ரோஸ் நிறப் பானம் ஒன்று என்றேன். இதில் காப்பி எங்கே என்று கேட்டதற்கு, "காப்பி இல்ல அங்கிள், ஸ்ட்ராபெரி" என்றாள். காப்பிக்கடையில் காப்பி இல்லாத பானத்தைத் தேடி வருகிறார்கள் ஜனங்கள். சரி, நமக்கெதற்கு என்று வாங்கிக்கொண்டேன். குடித்துப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். எப்படிக் குடிப்பது? எனக்குச் சர்க்கரை நோய், ஒரு வாய் இனிப்பு உள்ளே போனால் உங்கள் அக்காவுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. அவளைக் குடிக்கச் சொல்லலாம் என்றால் அவளுக்குப் பல் கூச்சம், ஐஸைக் கண்ணால் பார்த்தாலே தாடையைப் பிடித்துக்கொள்வாள். ஆக வீட்டில் ருசி பார்க்க ஆளில்லை. ஆனால் கண் இருக்கிறது. பெயிண்ட் கடையில் காலமெல்லாம் கலர் கலந்து கொடுத்தவன் நான். ஒரு வீட்டுச் சுவரில் இருந்து சுரண்டி எடுத்து வந்த பொடியை வைத்தே அதே நிறத்தை டப்பாவில் கொண்டுவந்தவனுக்கு ஒரு டம்ளர் பானம் எம்மாத்திரம்? நிறம் பொருந்தினால் ருசி தானாகப் பொருந்தும் என்று நினைத்தேன். நினைத்ததில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள்.

பஸ்ஸில் வரும்போதே ஐஸ் உருகிவிட்டது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. வந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் கப்பை வைத்து, வெள்ளை அட்டையில் ஒரு சொட்டு தொட்டுக் காயவைத்து, பக்கத்தில் நம் கலவையைத் தொட்டுப் பார்த்துப் பார்த்து, ஸ்ட்ராபெரியில் சிவப்புப் போதாமல் பீட்ரூட்டைச் சேர்த்து, கொஞ்சம் வெளுப்புக் காட்டப் பாலைச் சேர்த்து, நிறத்தை அச்சு அசலாகக் கொண்டுவந்துவிட்டேன். இரண்டு அட்டையையும் மாற்றி மாற்றிக் காட்டினால் உங்களாலேயே கண்டுபிடிக்க முடியாது. கடைசியாக எலுமிச்சையைப் பிழிந்தேன், அவ்வளவுதான், பால் திரிந்து மொத்தமும் கட்டி கட்டியாக மேலே வந்து நின்றது. உங்கள் அக்கா எட்டிப் பார்த்து, "ஏங்க, இது குடிக்கிறதுக்கா, சுவத்துல அடிக்கிறதுக்கா?" என்றாள். சுவரில் அடித்தாலும் நிற்காது என்பது எனக்குத் தெரியும்.

அதற்கெல்லாம் அசருகிறவனா நான்? மறுபடியும் போனேன். இந்த முறை பெயிண்ட் நிறங்கள் பட்டை பட்டையாக அச்சடித்த பழைய ஷேட் கார்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய், கப் மேஜைக்கு வந்ததும் உருகுவதற்குள் அதை விரித்துக் கப்புக்குப் பக்கத்தில் ஒவ்வொரு பட்டையாக வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் போதவில்லை என்று விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். நிமிர்ந்தால் கல்லாப் பெண்ணும், டை கட்டிய மேனேஜரும் எனக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நான் உணவுப் பரிசோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டார்களாம். "சார், நாங்க எந்தக் கலரும் சேக்கிறதில்ல சார், எல்லாம் பழந்தான்" என்று அவர் சொன்னார். "சேர்க்கவில்லை என்றால் இந்த நிறம் எப்படி வந்தது?" என்று நான் கேட்டேன், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவருக்கு வியர்த்துவிட்டது. என்னை உள்ளே கூட்டிப் போய் எல்லாவற்றையும் திறந்து காட்டினார்கள். வெள்ளைத் திராட்சைச் சாறு, ஸ்ட்ராபெரிச் சாறு, உலரவைத்த பழத்துண்டு, ஐஸ், இவ்வளவுதான், ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குகிறார்கள். நான் அதிகாரி இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் அவர் இன்னொரு டப்பாவைத் திறந்தார், நான் என்ன செய்ய முடியும்? போகும்போது, "குறை எதுவும் இல்லீங்களே சார்?" என்றார். "வெளிச்சம் போதாது" என்று சொல்லிவிட்டு வந்தேன். அது உண்மைதான்.

இப்போது சீலிங். கடையில் அந்தப் பானத்தின் மேலே நுரை நுரையாக நிற்பதைப் பார்த்திருந்தேன். குலுக்குவதால் வரும் நுரை அது. ஆனால் எனக்கு அது சோடாவாகத்தான் இருக்க வேண்டும் என்று பட்டது, குலுக்குவதும் தேவை என்று பட்டது, ஆகவே இரண்டையும் செய்தேன். மூடி போட்ட ஸ்டீல் டப்பாவில் சாறு, ஐஸ், சோடா எல்லாம் ஊற்றி, பெயிண்ட் டின்னைக் குலுக்குவதுபோல் இரண்டு கையாலும் நன்றாகக் குலுக்கினேன். பெயிண்ட் டின்னில் சோடா இருப்பதில்லை மச்சான். மூடி எங்கே போயிற்று என்று சாயங்காலம் வரை தெரியவில்லை, பரண்மேல் இருந்தது. பானம் எங்கே போயிற்று என்பது மட்டும் உடனே தெரிந்தது. சீலிங் முழுக்க ரோஸ் புள்ளிகள், விளக்கில் ஒரு ஸ்ட்ராபெரித் துண்டு, உங்கள் அக்காவின் மூக்குக்கண்ணாடியில் ஒன்று. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இன்னும் எத்தன நாளைக்கு இது?" என்று மட்டும் கேட்டாள். வரும்வரை என்றேன். அவள் ஏணியை எடுத்து வரப் போனாள்.

அடுத்து ஐஸ். பெரிய கட்டியாக இருந்ததால் துண்டில் சுற்றித் தரையில் வைத்துச் சுத்தியால் அடித்தேன். கீழ்வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர் மூச்சு வாங்க மேலே வந்துவிட்டார். தரையை உடைக்கிறேன் என்று நினைத்து வந்தவர் மேலே பார்த்துச் சீலிங்கைக் கண்டதும், எந்தப் பக்கம் முதலில் கத்துவது என்று தெரியாமல் பேயறைந்தது மாதிரி நின்றார். அந்த ஒரு நொடியில் அவர் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்துவிட்டேன். கையில் கொடுத்ததைக் குடிக்காமல் இருக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. குடித்துவிட்டு, "பழந்தண்ணி மாதிரி இருக்கு. பழம் கம்மி, தண்ணி ஜாஸ்தி" என்றார். நமக்கு ருசி பார்க்க ஆள் கிடைத்துவிட்டார். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், தினமும் மத்தியானம் வாருங்கள் என்றேன். சீலிங்குக்கு நானே வெள்ளையடித்துத் தருகிறேன் என்ற ஒப்பந்தத்தின் பேரில் வந்தார், வருகிறார்.

அவர் சொன்னதை வைத்துத்தான் எனக்குப் புத்தி வந்தது. ஐஸ் போடுவதற்கு முன் சரியாக இருப்பது ஐஸ் போட்டபின் சப்பென்று ஆகிவிடுகிறது. குளிர்ந்தால் இனிப்புத் தெரிவதில்லை, உருகினால் எல்லாமே நீர்த்துவிடுகிறது. பெயிண்டும் அப்படித்தானே? ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம், காய்ந்தபின் எப்படி வரும் என்று கணக்குப் போட்டுத்தான் கலக்க வேண்டும். இது எனக்குத் தெரிந்த வேலை மச்சான். பீட்ரூட்டையும் பாலையும் சோடாவையும் விரட்டிவிட்டேன். பழத்தை நசுக்கிக் கொஞ்சம் சர்க்கரையில் ஊறவைத்து, வடிகட்டி, திராட்சைச் சாறும் எலுமிச்சையும் சேர்த்து, தனியாகக் குடித்தால் முகம் சுளிக்கும் அளவுக்குக் கெட்டியாக வைத்து, அப்புறம் ஐஸோடு குலுக்கினேன். இன்று மத்தியானம் ஹவுஸ் ஓனர் குடித்தார். காலி டம்ளரை மறுபடியும் நீட்டினார். அவர் இரண்டாவது தடவை கேட்டது இதுதான் முதல் முறை. நிறத்தைப் பார்த்தேன், கடை நிறம் இல்லை, ஒரு பட்டை அடர்த்தி கூடுதல். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். நான் ஒரு நிறத்தைப் பரவாயில்லை என்று விட்டதை உங்கள் அக்கா பார்த்தாள், அவள்தான் சாட்சி.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். இன்று சாயங்காலம் பாப்பாவுக்கு இதைக் கொடுக்கப்போகிறேன். ஜன்னலோரம் நாற்காலியும் போட்டாகிவிட்டது, மின்விசிறியைத் திருப்பி வைத்தாகிவிட்டது. என் பக்கத்து வேலை முடிந்தது. நீங்கள் தாய்மாமன், நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள். ரூம் கீம் எல்லாம் வேண்டாம், வீட்டிலேயே எல்லாம் கிடைக்கிறது என்று அவளிடம் அழுத்திச் சொல்லுங்கள். இந்த வீட்டில் சாயங்காலம் அவள் குரல் கேட்காவிட்டால் எனக்கும் உங்கள் அக்காவுக்கும் பேச ஒன்றும் இல்லை. இதை அவளிடம் சொல்ல வேண்டாம். நான் சொன்னேன் என்றும் சொல்ல வேண்டாம்.

வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும். சின்னவர்களுக்கு எங்கள் ஆசீர்வாதம், நன்றாகப் படிக்கட்டும், சோடாவைக் குலுக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் அத்தான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் இதை எழுதவேண்டி வந்தது. மேலே எழுதியதில் எதையும் செய்ய வேண்டாம்.

பாப்பா நேற்று வந்தாள். கொடுத்தேன். முழுவதும் குடித்தாள். "அங்க குடுக்கிறதவிட நல்லா இருக்குப்பா" என்றாள், பொய் இல்லை, எனக்குத் தெரியும். அப்படியானால் இனிமேல் நேரே வீட்டுக்கு வரலாமே என்றேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா, எனக்கு அந்தக் கடை ஜூஸ் பிடிக்கவே பிடிக்காது" என்றாள். காப்பி குடித்தால் அவளுக்குத் தூக்கம் வராதாம், அந்தக் கடையில் காப்பி இல்லாதது அது ஒன்றுதானாம், ஏதாவது வாங்கினால்தான் உட்கார விடுவார்களாம். எதற்கு உட்கார வேண்டும் என்று கேட்டேன். நாள் முழுக்கக் கண்ணாடிக் கடையில் நின்றுகொண்டே வேலை. கால் வீங்கிவிடுகிறது. வேலை விடும் நேரத்துப் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது, இரண்டு பஸ் மாற வேண்டும், கூட்டம் குறைந்து உட்கார இடம் கிடைக்கும்வரை அங்கே காத்திருக்கிறாள். செருப்பைக் கழற்றிக் காட்டினாள். உங்கள் அக்கா வெந்நீர் வைக்கப் போனாள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா இடுப்பு வலியோட நீங்க தினமும் ஸ்கூட்டர எடுத்துக்கிட்டு அங்க வந்து நின்னிருப்பீங்க" என்றாள். நின்றிருப்பேன்தான்.

எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதை எழுதிவிட்டேன், இனி அதைப் பற்றிக் கேட்க வேண்டாம். ரூமை நானும் உங்கள் அக்காவும் நாளை போய்ப் பார்க்கிறோம். அவள் மனசு மாறினாலும், அந்த ரூமுக்கு அவள் போகத்தான் வேண்டும் என்று நீங்கள் தாய்மாமன் என்ற முறையில் அழுத்திச் சொல்லுங்கள். மாதம் பிறந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் சாமான்களை ஏற்ற உங்கள் வேனை எடுத்துக்கொண்டு வரவும். காலையிலேயே வந்து வாசலில் ஹாரன் அடிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் நேரம் கழித்துத்தான் எழுந்திருப்பாள். தூங்கட்டும்.