சம்பந்தி வீட்டு மெஷின்கள்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் நலமாக இருப்பீர்கள். இக்கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பதே என் பிரார்த்தனை. போனில் சொல்ல நாக்கு எழவில்லை.

நான் நடத்துகிற நம் கிரிப்டோ மைனிங் கூட்டில் கணினி நாணயம் தேடி ஓடுகிற மெஷின்கள் எல்லாம் சீட்டு சுரண்டுகிற மாதிரிதான். சின்னச் சின்னதாக விழுவதைக் காட்டினால் கூலி. எப்போதாவது பெரிய பரிசு விழும், அது எல்லோருக்கும் பொது, கூலி கொடுப்பதே அதிலிருந்துதான். கொஞ்ச காலமாகக் கூலி ஒழுங்காகப் போகிறது, பரிசுதான் வரக் காணோம். யாரோ சின்னதைக் காட்டிவிட்டுப் பெரியதை அமுக்குகிறார்கள். அமுக்கியவர் அதைத் தனியாகக் காசாக்க முடியாது, ஆனால் நாம் கவிழ்ந்தால் போட்டிக் கூட்டுக்காரர்கள் அவரைப் பணம் கொடுத்துக் கவனித்துக்கொள்வார்கள். பம்பு மோட்டார் விற்று மேலே வந்தவன் நான், மோட்டாருக்குள் சுற்றும் செப்புக் கம்பியில் கலப்படம் என்றால் கையில் தூக்கியே சொல்லிவிடுவேன். இந்தச் சரக்கில் தூக்கிப் பார்க்க என்ன இருக்கிறது?

ஆகவே கூட்டின் கணினிக்காரர் ஒரு பொறி வைத்தார். பரிசு விழும் என்று முன்பே தெரிந்த பழைய சீட்டுகளைப் புதியவற்றோடு கலந்து அனுப்பினார். எது பழசு என்று மெஷினுக்கும் தெரியாது, அதன் சொந்தக்காரருக்கும் தெரியாது. எல்லோரும் ‘விழுந்தது’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு வீட்டிலிருந்து மட்டும் சத்தமே இல்லை. மறுபடி அனுப்பினோம், மறுபடியும் இல்லை. அது தங்கள் வீடு.

தாங்கள் அமுக்கியிருப்பீர்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சரி, கனவில் நினைத்தேன், விழித்ததும் வெட்கப்பட்டேன். எந்த வீடு என்று சொல்லாமல், மெஷின் கோளாறாக இருக்கும் என்று, தாங்கள் வராத போன கூட்டத்தில் மெல்ல ஆரம்பித்தேன். கூட்டில் பங்குள்ள வெல்டிங் கடைக்காரர் விடவில்லை.

“அண்ணே, கோளாறோ களவோ, எங்க பங்கு போச்சில்ல? அந்த ஆளை வெளிய அனுப்புங்க, கட்டின டெபாசிட்டைப் பிடிச்சுக்குங்க. இல்லேன்னா நாங்க கிளம்புறோம்.”

பரிசை அமுக்கினால் ஆள் வெளியே, டெபாசிட் கூட்டுக்கு என்ற விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவனே நான்தான். ஞாயிற்றுக்கிழமை பெயரைச் சொல்லியாக வேண்டும். பயந்துபோய் மகளின் காதில் போட்டேன்.

“நீங்க மாமாவைத் திருடன்னு சொல்லிட்டுப் போயிடுவீங்கப்பா. அப்புறம் இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில நான் எந்த மூஞ்சியோட உட்கார்றது?”

ஆகவே தாங்களே ‘இதெல்லாம் எனக்கு ஒத்துவராது’ என்று கௌரவமாக விலகிவிடுங்கள். டெபாசிட்டை நான் எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், தங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, அதையும் பெற்றுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உள்ளே உதறலுடன்,
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கணினிக்காரர் வந்துவிட்டார். கூட்டை நடத்துகிறவன் என்ற மரியாதைக்காக என் மெஷின்களுக்கு மட்டும் பொறி வைக்காமல் இருந்தாராம்; இன்று வைத்தாராம். ஒன்றுகூடத் திரும்பவில்லை. நாம் ரெண்டு பேரும் ஒரே லாரியில் இறக்கிய சரக்காச்சே. பெரிய பரிசு விழுந்தால் மெஷினே அதைத் தப்பு என்று எண்ணித் தூக்கிப் போட்டுவிடுகிறதாம். சத்தியமாகக் கோளாறுதான். ஆனால் சம்பந்திகள் இருவர் வீட்டிலும் ஒரே மாதிரி பரிசு காணாமல் போனது என்றால் எவன் நம்புவான்? ஆகவே மேலே எழுதியதைக் கிழித்துப் போடவும். விலக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வந்து, கோளாறு வேறு, களவு வேறு என்று தாங்கள்தான் எழுந்து பேச வேண்டும். தயவுசெய்து என் பக்கத்தில் மட்டும் உட்கார வேண்டாம்.