சிக்னல் அண்ணாச்சியின் வலது கை

தூத்துக்குடியில் மேலே போன எந்தப் பொருளும் சிக்னல் அண்ணாச்சியின் அனுமதி இல்லாமல் கீழே இறங்கியதில்லை. துறைமுகத்தில் அவருக்கு அதுதான் வேலை. கப்பல் தளத்தில் நின்றுகொண்டு, உயரத்தில் இருக்கும் கிரேன் டிரைவருக்கு ஏற்று, இறக்கு என்று கையாலேயே சொல்வார். கையை உயர்த்தி முஷ்டியை மூடினால் நிறுத்து. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை தினமும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

எங்கள் தெருவில் ஆட்டோ பின்னால் வரவேண்டும் என்றால் அவர் கை காட்ட வேண்டும். அவர் மனைவியான மதினி மீன்குழம்பு ஊற்றும்போது, முஷ்டி மூடினால்தான் கரண்டி நிமிரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் ஐம்பது நிமிடத்தைத் தாண்டியபோது, மூன்றாவது பெஞ்சிலிருந்து உள்ளங்கையை மெதுவாகத் தாழ்த்தினார். சாமியார் இரண்டே வாக்கியத்தில் தரையிறங்கினார். சொந்த மச்சானின் அடக்கத்தில்கூடக் குழியோரம் நின்று, “மச்சான் தலமாட்டுல ஒரு இஞ்ச் கோணலாப் போறாருலே. மேக்க விடு,” என்று பெட்டியை நேராக்கிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தார்.

போன வருடம் பக்கவாதம் வந்து அந்த வலது கை தொங்கிப்போனது. பிசியோதெரபி மையத்தில் பயிற்சி கொடுத்த நாசரேத் ஊர்க்காரப் பெண், கைக்கடிகாரம் போன்ற சென்சார் பட்டைகளை இரண்டு மணிக்கட்டிலும் கட்டிவிட்டாள். எந்தக் கை எவ்வளவு அசைந்தது என்று அவை அவளுடைய செல்போனுக்குச் சொல்லிவிடும். மையத்தில் இருந்தது ஒரே ஜோடி. நான்கு வாரத்தில் வலது கைக் கணக்கு ஏறாவிட்டால், அது அடுத்த நோயாளிக்குப் போய்விடும்.

முதல் வாரம் செல்போன் வரைபடத்தில் இடது கைக் கோடு கூரையைத் தொட்டது. வலது கைக் கோடு உப்பளம் மாதிரித் தட்டையாகக் கிடந்தது. அண்ணாச்சி ஊருக்கே இடது கையால் சிக்னல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“அங்கிள், இடது கையைக் கட்டிப் போடுங்க,” என்றாள் அந்தப் பெண். மதினி துண்டால் நாற்காலியோடு கட்டினார். அன்று மத்தியானம் குழம்பு தட்டைத் தாண்டி அவர் கட்டியிருந்த சாரத்தில் இறங்கியது.

“கை காட்டாம எனக்கு எப்படித் தெரியும்?” என்றார் மதினி.

மூன்றாவது வாரம் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரன், டைரி எழுதுபவன் என்பதால் நேரம் பார்க்கும் வேலை எனக்கு. “ஏலே, இங்கன வா. வாட்ச பாரு.”

வலது கை நடுங்கி நடுங்கித் தோளுயரம் வந்தது. முஷ்டி மூடியது. அப்படியே நின்றது. பதினொரு விநாடி. அன்றிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்கு இதுதான். நான்காவது வாரக் கடைசியில் நாற்பது விநாடி என்று குறித்தேன்.

மையத்தில் செல்போனைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் வாடியது. “அங்கிள், வலது கைய நீங்க அசைக்கவே இல்லன்னு காட்டுது.”

“அசைக்கப்படாதும்மா. அது ‘நிறுத்து’ சிக்னல்லா. அந்நேரம் கை அசைஞ்சா கீழ நிக்கவன் தலையில லோடு இறங்கிரும்.”

“சென்சாருக்கு அது தெரியாதே அங்கிள்.”

“அப்ப அது ஹார்பர்ல வேலை பாத்ததில்ல.”

நான் டைரியை நீட்டினேன். தேதிவாரியாகப் படித்துவிட்டு, “எங்க, காட்டுங்க,” என்றாள்.

கை எழுந்தது. முஷ்டி மூடியது. வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ் நின்றுவிட்டார். டீ கொண்டுவந்தவர் வாசலிலேயே நின்றார். வீல்சேரில் இருந்தவர் வந்த இருமலை அடக்கிக்கொண்டார். நாற்பத்திரண்டாவது விநாடியில் கை இறங்கிய பிறகுதான் மையம் மறுபடி நகர்ந்தது.

“பட்டைய இன்னும் ஒரு மாசம் நீங்களே வச்சுக்கோங்க அங்கிள். ஆனா அசைக்கவும் செய்யணும்.”

அண்ணாச்சி வீல்சேரைப் பார்த்தார். அதில் இருந்தவர்தான் அடுத்த நோயாளி. அவருடைய கை மடியில் கிடந்தது.

“அவருக்குக் கட்டும்மா. எனக்கு இவன் இருக்கான். அசைச்சாலும் எழுதுவான், நிறுத்தினாலும் எழுதுவான்.”

நேற்று மாலை ஒரு நிமிடத்துக்கு இரண்டு விநாடி குறைந்தது. ஒரு நிமிடம் என்று எழுதி, அவருக்கு வாசித்தும் காட்டினேன்.