பந்தைப் பார்த்து 'அசையாதே' என்றவர்

அறுபதுகளின் கடைசியில் திருவள்ளூரில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரையும் ஒரு தடவையாவது மூச்சை நிறுத்த வைத்த பெருமை ஒரே ஆளுக்குத்தான் உண்டு. தேரடிப் பக்கம் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த 'அசையாதே' அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் அவர் சம்சாரத்துக்காவது தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, "அசையாதே!" என்று ஓர் அதட்டல் போடுவார். கைக்குழந்தை அழுகையை நிறுத்தும். கல்யாண மாப்பிள்ளை விறைத்துப்போவார். ஒருமுறை செத்துப்போன மளிகைக்கடை முதலாளியை மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைத்துப் படமெடுத்தார்கள். பழக்கதோஷத்தில் அண்ணன் அவரையும் அதட்டிவிட்டார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் கப்சிப்பென்று நிறுத்தி, முதலாளியைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

இந்த மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. எங்கள் ஹைஸ்கூல் ஃபுட்பால் ஆட்டத்தைப் பந்தோடு சேர்த்துப் படமெடுக்க வேண்டும். யாரும் கூப்பிடுவதில்லை, காலணா வருமானமும் இல்லை. மேட்ச் என்று காதில் விழுந்தால் போதும், கடையைச் சாத்திவிட்டு, சின்னக் காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் வந்து, கோல்போஸ்ட் ஓரம் குந்திவிடுவார். அந்தக் காமிராவின் வேகத்துக்கு ஓடுகிற பந்து அகப்படாது. படத்தில் புழுதி இருக்கும், கால்கள் இருக்கும், ரெஃப்ரியின் தொப்பை இருக்கும். மூலையில் மேய்கிற ஆடு மட்டும் ரோமம் ரோமமாகத் தெரியும். சொன்ன பேச்சைக் கேட்ட ஜீவன் அது ஒன்றுதான். பந்து இருக்காது. ஆனாலும் ஒவ்வொரு படத்தையும் ஷோகேஸில் மாட்டிவிடுவார். ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் நின்று வம்புக்கு இழுப்பார்கள்.

"இன்னாண்ணே, பந்தக் காணோம்?"

"வரும் நைனா, எங்க பூடும்? நான் கண்ண மூடறதுக்குள்ள பந்தோட ஒரு படம் இங்க தொங்குதா இல்லியா பாரு!"

ஒருமுறை எங்கள் பையன் அருமையாக ஒரு கோல் போட்டான். அண்ணன் அப்போதுதான் ஃபிலிம் சுருளைத் திருகிக்கொண்டிருந்தார். விடுவிடுவென்று மைதானத்துக்குள் நடந்து, ரெஃப்ரியாக நின்ற டிரில் மாஸ்டரை மறித்தார்.

"சார், அந்த கோல இன்னொரு வாட்டி அடிக்கச் சொல்லு சார். கொஞ்சம் நிதானமா."

டிரில் மாஸ்டருக்கும் போட்டோவில் விழ ஆசை. சரி என்றுவிட்டார். திரும்ப அடித்த பந்து வெளியே போனது. அப்படியானால் முதலில் போட்டதும் செல்லாது என்று எதிரணிக்காரர்கள் சண்டைக்கு வர, ஆட்டம் அதோடு கலைந்தது.

இதையெல்லாம் நானும் சிரித்துக்கொண்டுதான் பார்த்தேன், என் தலையில் விடியும்வரை. அந்த வருஷம் கும்மிடிப்பூண்டிப் பள்ளியோடு ஃபைனல். நான்தான் எங்கள் கோல்கீப்பர். ஆட்டம் முடியப்போகிறது, இரண்டு பக்கமும் கோல் இல்லை. அவர்கள் பையன் தூரத்திலிருந்து உதைத்த பந்து உயர எழும்பி, ஒரு அவசரமும் இல்லாமல் மிதந்து வந்தது. இடுப்புக் குழந்தைகூடப் பிடித்துவிடும். நான் இரண்டு கையையும் தூக்கினேன். பக்கத்திலிருந்து அண்ணன் பந்தைப் பார்த்து ஓர் அதட்டல் போட்டார்.

"ஏய், அசையாதே!"

பந்து கேட்கவில்லை. நான் கேட்டுவிட்டேன்.

தூக்கிய கை தூக்கியபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பந்து சாவகாசமாக என் தலைக்கு மேலே போய்க் கோலுக்குள் விழுந்தது. தோற்றோம். மறுநாள் பிரேயருக்குள் எனக்குச் 'சிலை' என்று பெயர் வைத்தாகிவிட்டது.

அன்று சாயங்காலம் அண்ணனை உண்டு இல்லை என்று பார்த்துவிடுவதற்காக ஸ்டூடியோவுக்குப் போனேன். ஈரம் காயாத பிரிண்டைப் பிடித்துக்கொண்டு மனிதர் குதித்துக்கொண்டிருந்தார்.

"விழுந்துட்ச்சி நைனா! பந்து விழுந்துட்ச்சி! தையல் கூடத் தெரியுது பாரு!"

உண்மைதான். மிதந்து வந்த பந்து என்பதால் அப்படியே அகப்பட்டிருந்தது. அதற்குக் கீழே, அது தலையைத் தாண்டுவதுகூடத் தெரியாமல் கையைத் தூக்கிக்கொண்டு நான். இது ஷோகேஸில் தொங்கினால் ஊருக்கே நான் சிலைதான். திட்ட வந்தவனுக்கு அழுகைதான் வந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். பந்தைத் தவிர அதில் நானும் இருக்கிறேன் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

"அழுவாத. ஊட்டுக்குப் போ நைனா," என்றார்.

சில நாள் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. அப்புறம் மனசு கேட்காமல் போய்ப் பார்த்தேன். ஷோகேஸ் நடுவில் அதே படம். வருகிற எதையும் விடமாட்டேன் என்பதுபோல் கையைத் தூக்கிக்கொண்டு ஜோராக நிற்கிறேன். தலைக்கு மேலே வெறும் வானம்! கல்யாணப் பெண்ணின் முகத்தில் அம்மைத் தழும்பை மறைக்கிற பென்சிலால், நெகட்டிவிலேயே தீட்டித் தீட்டிப் பந்தை இல்லாமல் பண்ணியிருந்தார்.

உள்ளே போனேன்.

"பந்து எங்கண்ணே?"

வேலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அதான் நீ புட்ச்சிட்டியே நைனா."

அதற்குப் பிறகும் வருஷக்கணக்காக மைதானத்துக்கு வந்தார். பந்து மறுபடி அவர் காமிராவுக்குள் விழவே இல்லை. என்னைப் பெற்றவர்களுக்கு அடுத்தபடியாக, நான் தலைகுனியக் கூடாது என்று நினைத்த மனிதர் அவர்தான்.